கதவைத் தட்டுகிற காட்சி

அந்த நாடகம் எப்படி இருந்தது என்று கேட்பவர்களிடம் நன்றாக இருந்தது என்று சொல்லிவிடுகிறேன். அது பொய்யில்லை. பாட்டுகள் நன்றாக இருந்தன, உடைகள் நன்றாக இருந்தன, மேடையில் பனிகூடக் கொட்டியது. வெளியே துபாய் வெயிலில் வண்டியை நிறுத்திவிட்டு வேர்த்து விறுவிறுத்து வந்த ஜனம் அந்தப் பஞ்சுப் பனியைப் பார்த்துக் கைதட்டியது. நானும் தட்டினேன். ஆனால் இன்றைக்கும் அதை நினைத்தால் முதலில் கோபம் வருகிறது, கோபத்தின் பின்னாலேயே அழுகை வருகிறது. இரண்டையும் இதுவரை யாரிடமும் காட்டிக்கொண்டதில்லை.

துபாயை விட்டு ஒரேயடியாக ஊருக்குப் போய்விடுவது என்று முடிவான மாதம் அது. என் வீட்டுக்காரர் தேரா கடைத்தெருவில் பயணப்பெட்டிக் கடை வைத்திருந்தார். ஊருக்குப் போகிறவர்களுக்கெல்லாம் காலமெல்லாம் பெட்டி விற்றவர், கடைசியில் கடையைக் கைமாற்றிவிட்டு நாலு பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து, "இது நமக்கு" என்றார். முட்டி வலி, சர்க்கரை, வயது என்று காரணங்கள் இருந்தன. கடை போனதும் விசாவும் போகும். கூடத்தில் பெட்டிகள் வாயைத் திறந்துகொண்டு கிடந்தன, நான் நாள் முழுக்க எதையாவது மடித்து வைத்துக்கொண்டிருந்தேன்.

எங்களுக்கு ஒரே மகள். துபாயிலேயே பிறந்தவள். எங்களிடம் தமிழில் ஆரம்பித்து ஆங்கிலத்தில் முடிப்பாள். ஜெபல் அலி துறைமுகத்துப் பக்கம் ஒரு கப்பல் சரக்கு ஆபீஸில் வேலை. அதே ஆபீஸில் வேலை பார்த்த கோயம்புத்தூர்ப் பையன் ஒருவனை, இந்தியாவுக்குப் போய்ப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு வந்தாள். நல்ல பையன். நான் பார்த்திருக்கிறேன், பேசியிருக்கிறேன், என்னை அவனும் உம்மா என்றுதான் கூப்பிடுவான். மார்க்கம் மட்டும் வேறு.

அவள் அதைச் சொன்ன அன்றைக்கு இவர் கத்தவில்லை, திட்டவில்லை. கத்தியிருந்தால் தேவலை. தொழுகை விரிப்பை விரித்து அதில் உட்கார்ந்தவர், அவள் துணிமணியை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டும்வரை எழுந்திருக்கவில்லை. அவளும் சளைத்தவள் இல்லை. வீட்டுச் சாவியை ஃப்ரிட்ஜ் மேலே டப்பென்று வைத்துவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு வாப்பாவுக்கும் மகளுக்கும் பேச்சு வார்த்தை கிடையாது.

அந்தச் சாவியை நான் ஒருநாள் துடைத்து டிராயருக்குள் போட்டேன். மறுநாள் காலையில் பார்த்தால் அது மறுபடியும் ஃப்ரிட்ஜ் மேலே இருந்தது. வீட்டில் இருப்பதே இரண்டு பேர்தான்.

வாரத்தில் ஒருநாள் மெட்ரோ பிடித்துப் போய், ஏதாவது ஒரு மாலில் மகளைப் பார்த்துவிட்டு வருவேன். எங்கே போனாய் என்று இவர் கேட்கமாட்டார். நான் சமைத்து எடுத்துப்போன டப்பா காலியாகத் திரும்பி வருவதைப் பார்ப்பார், பேசாமல் இருப்பார். அதுவே எனக்குக் கொடுத்த அனுமதி என்று எடுத்துக்கொண்டேன்.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். ஊருக்குப் போவதற்குள் இவர்கள் இரண்டு பேரும் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசிவிட வேண்டும். ஊருக்குப் போய்விட்டால் அது நடக்காது. எங்கள் ஊர் வாய்க்குப் பயந்து அவளும் வரமாட்டாள், ஃபோனில் சமாதானம் பேசுகிற ஆளும் இவர் இல்லை.

எங்கள் ஊரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கடற்கரை ஊர். அங்கே வீடு என்பது பெண்பிள்ளைக்குத்தான். கல்யாணமானால் பெண் வீட்டை விட்டுப் போகமாட்டாள், மாப்பிள்ளைதான் அவள் வீட்டுக்கு வருவார். மகள் பிறந்தவுடனே வாப்பாமார் அவளுக்கென்று ஒரு வீடு கட்ட ஆரம்பித்துவிடுவார்கள். பெண்ணை வழியனுப்பிவிட்டு அழுவது என்கிற சமாசாரமே எங்களுக்குத் தெரியாது. எங்கள் ஊரில் வழியனுப்பி அழுவதெல்லாம் ஆம்பிளைகளைத்தான், அதுவும் விமானத்துக்கு. இவரும் மகள் நடக்கப் பழகின காலத்திலேயே மனை வாங்கி, லீவுக்கு லீவு போய் நின்று, ஒரு வீடு கட்டி முடித்தார். அவள் பெயரில்தான் பத்திரம். அதை இவர் மாற்றவில்லை, மாற்றப் போவதாகச் சொல்லவும் இல்லை. ஆக, மகள் வீட்டில் மகள் இல்லாமல் நாங்கள் இரண்டு பேரும் போய்க் குடியிருக்கப் போகிறோம். பெட்டியில் துணி வைக்கும்போதெல்லாம் இந்த நினைப்பு வந்து என் கையை நிறுத்திவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். விருந்தாளிகளை உபசரிப்பதில் இவரை மிஞ்ச ஆள் கிடையாது. பெல் அடித்தால் பனியனோடு இருப்பவர் உள்ளே ஓடிப்போய்ச் சட்டை போட்டுக்கொள்வார். தானே போய்க் கதவைத் திறப்பார். தங்க விளிம்பு போட்ட கிளாஸ்களைத் தட்டில் வைத்து, தன் கையாலேயே கொண்டுவந்து நீட்டுவார். கிளம்பும்போது லிஃப்ட் வரைக்கும் போவார், பொத்தானை அவரே அமுக்குவார், லிஃப்ட் கதவு மூடும்வரை நெஞ்சில் கை வைத்து நிற்பார். வீட்டு ஆட்களுக்கு இதில் ஒன்றும் கிடையாது. என் தம்பி வந்தால், "சாயா அடுப்புல இருக்கு, ஊத்திக்க" என்று சொல்லிவிட்டு டீவியைப் பார்த்துக்கொண்டிருப்பார். தம்பி சிரிப்பான். "மச்சான் என்னைக்காவது என்னை லிஃப்ட் வரைக்கும் கொண்டுவந்து விட்டாருன்னா, அன்னைக்கோட இந்த வீட்டுக்கும் எனக்கும் முடிஞ்சு போச்சுன்னு அர்த்தம் ராத்தா" என்பான்.

ஒருநாள் மாலில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மகள் சொன்னாள்: "உம்மா, நான் ஒரு மியூசிக்கல்ல பாடறேன். கோரஸ்தான். அல் கூஸ்ல போடறோம். நீங்க வாப்பாவக் கூட்டிட்டு வரணும்."

"என்ன கதை?"

"ஒரு ஜூயிஷ் ஃபேமிலி. அந்தக் காலத்துல, ஸ்நோ எல்லாம் கொட்டுற ஊர்ல பேக்கரி வச்சிருக்காங்க."

"இப்பவா?" என்றேன்.

அந்த வாரம் முழுக்க என் ஃபோனில் காஸாவிலிருந்து வந்த படங்கள்தான். இடிந்த சுவரின் அடியிலிருந்து பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற படங்கள். பார்க்கவும் முடியாமல், பார்க்காமல் வைக்கவும் முடியாமல் கிடந்தேன். அவளுக்கும் அது தெரியும். ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு உம்மா. வேணாம்னு ரெண்டு ரிகர்சல் போகவே இல்ல. ஆனா இது அந்த ஊர்ச் சனங்களோட கதை. அந்த மாதிரி ஊர்ல இருந்தவங்கள எல்லாம் பின்னால உலகப் போர் வந்தப்ப கொன்னுட்டாங்க உம்மா. ஒரு வீடு மிச்சமில்ல. அவங்க என்ன பண்ணினாங்க?"

நான் மேசைமேல் இருந்த ஃபோனைக் கவிழ்த்து வைத்தேன்.

பிறகு அவள் கதையைச் சொன்னாள். பேக்கரிக்காரர் மகள் வாப்பா பேச்சை மீறி டாக்டருக்குப் படிக்க ரயிலேறிப் போய்விடுகிறாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவள் பேரையே யாரும் எடுக்கக் கூடாது. வருஷங்கள் போகின்றன. கடைசிக் காட்சியில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் வந்து கதவைத் தட்டுகிறாள். "அவ வாப்பாவே எழுந்து வந்து திறப்பாரு உம்மா. திறந்து, அவ தலையில கைய வைப்பாரு. நான் ஒவ்வொரு ரிகர்சல்லயும் அழுதுடுவேன். வாப்பா அந்த ஒரு சீனைப் பார்த்தாப் போதும். அவருக்குப் புரிஞ்சுடும்."

"அதெல்லாம் பாட்டோட இருக்கிற சமாதானம். நீயே ஒருநாள் வீட்டுக்கு வந்துட்டா என்ன?"

"மாட்டேன். அவர் கூப்பிடணும். ஒரே ஒரு தடவை கூப்பிட்டாப் போதும். கூப்பிடாம எப்படி வந்து நிக்கிறது?"

பிடிவாதத்தில் அவள் வாப்பாவை உரித்து வைத்திருந்தாள்.

வீட்டுக்கு வந்து, பக்கத்து ஃபிளாட்டில் டிக்கெட் கொடுத்தார்கள் என்று அளந்தேன். யூத வீட்டுக் கதை என்றதும் இவரும், "இப்பவா?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அதைக் காட்டிக்கொள்ளாமல், "இத்தனை வருஷத்துல சூப்பர் மார்க்கெட்டும் ஏர்போர்ட்டும் தவிர என்னை எங்க கூட்டிட்டுப் போனீங்க? போறதுக்கு முன்னால ஒரு நாடகம் பார்த்தாக் குறைஞ்சா போயிடும்?" என்று பிடித்தேன். நான் குரலை உயர்த்தினால் இவர் அடங்கிவிடுவார். மகள் விஷயத்தில் மட்டும் அந்தக் குரல் செல்லாது.

அல் கூஸ் இவருக்குப் பழகின இடம். கடைச் சரக்கு வைக்கிற கோடவுன் அங்கேதான் இருந்தது. கார் ஒர்க்ஷாப்புகளையும் லேபர் கேம்புகளையும் தாண்டிப் போனால், ஒரு பழைய கோடவுனைத்தான் நாடகக் கொட்டகையாக்கி வைத்திருந்தார்கள். "இங்க டயர் அடுக்கி வச்சிருந்தாங்க" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தார். வெள்ளைக்காரர்களும் பிலிப்பினோக்களும் மலையாளிகளுமாகக் கூட்டம். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, பள்ளிவாசலில் உட்காருகிற மாதிரி முதுகை நேராக வைத்து உட்கார்ந்தார்.

மேடையில் பேக்கரிக்காரராக வந்தவர் துபாயில் வேலை பார்க்கும் ஒரு வெள்ளைக்கார வாத்தியாராம். அவர் மனைவியாக வந்தது ஒரு கோவாக்காரப் பெண். அத்தனை பேரில் ஒரு யூதராவது இருந்தாரோ என்னவோ, எனக்குத் தெரியாது. ஒட்டுத்தாடியும் கறுப்புத் தொப்பியுமாகச் சுற்றிச் சுற்றி ஆடினார்கள். முதல் கொஞ்ச நேரம் மனசை இறுக்கி வைத்துக்கொண்டுதான் பார்த்தேன்.

ஆனால் வெள்ளிக்கிழமை வந்தது. கடையைச் சீக்கிரமே அடைக்கிறார்கள். குளிக்கிறார்கள், வெள்ளை உடுக்கிறார்கள். சாப்பிடுவதற்கு முன்னால் எல்லாரும் வரிசையாக நின்று கையைக் கழுவுகிறார்கள். பின்னலாகப் போட்ட ரொட்டியைத் துணியால் மூடி வைத்து, அந்த அம்மா தலையில் துணியைப் போட்டுக்கொண்டு விளக்கேற்றுகிறாள். வாப்பா ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டுத் தலையில் கை வைத்து துஆ ஓதுகிறார். இதென்ன, எங்கள் வீடாக இருக்கிறதே என்று இருந்தது. அப்படி இருந்ததில் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. இவ்வளவு ஒரே மாதிரி இருந்துகொண்டா இப்படி என்று, யார் மேல் என்று தெரியாத ஒரு ஆத்திரம்தான் வந்தது.

இன்னொரு பக்கம் எரிச்சலும் வந்தது. அந்த வீட்டு அம்மா ஒரு பாத்திரம் கழுவி நான் பார்க்கவில்லை. கஷ்டம் வந்தால் பாடுகிறாள், புருஷன் கோபித்தாலும் பாடுகிறாள், மகள் போனபோது இரண்டு பாட்டு பாடினாள். மகள் போன வீட்டில் பாட்டு வராது. மகள் போன அன்றைக்கு ராத்திரி எனக்கு என்ன வந்தது தெரியுமா, வாந்தி வந்தது. அவள் பாதி குடித்துவிட்டு வைத்த சாயா கிளாஸைக் கழுவ மனசில்லாமல் நான்கு நாள் வைத்திருந்தேன், எறும்பு மொய்த்தது. அதையெல்லாம் மேடையில் காட்டினால் யார் டிக்கெட் வாங்குவார்கள்?

இப்படி மனசுக்குள் பொருமிக்கொண்டிருந்தபோதுதான் ஊர்ப் பெண்கள் கூட்டம் மேடைக்கு வந்தது. இடது பக்கத்திலிருந்து மூன்றாவது ஆள், என் மகள்.

தலையில் முக்காடு போட்டிருந்தாள். வேலைக்குச் சேர்ந்த வருஷம் எங்களோடு சண்டை போட்டு முக்காட்டை எடுத்தவள், யாரோ ஒரு வீட்டு அடுப்படியில், யாரோ ஒரு தாயின் பக்கத்தில், நெற்றி மறைய முக்காடு போட்டுக்கொண்டு மெழுகுவர்த்தியைப் பிடித்துப் பாடினாள். பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். இவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்து, மறுபடியும் மாட்டிக்கொண்டு, முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார். அதற்குப் பிறகு முதுகு பின்னால் சாயவே இல்லை.

கடைசிக் காட்சி வந்தது. பனி கொட்டுகிறது. கையில் பையோடு அந்தப் பெண் வந்து கதவுக்கு முன்னால் நிற்கிறாள், தட்டுகிறாள். உள்ளே யாரும் அசையவில்லை. மறுபடியும் தட்டுகிறாள். அந்தப் பேக்கரிக்காரர் மெல்ல எழுந்து வந்து கதவைத் திறந்து, கையை அவள் தலையில் வைத்தார். அரங்கமே மூக்கை உறிஞ்சியது. என் வீட்டுக்காரர் அழுதார். கண்ணோரத்தில் துளிர்க்கிற அழுகை இல்லை, தோள் குலுங்குகிற அழுகை. முன் வரிசையில் இருந்த வெள்ளைக்கார அம்மாள் திரும்பி ஒரு டிஷ்யூவை நீட்டினாள், இவர் வாங்கி முகத்தைத் துடைத்துக்கொண்டார். மௌத்து விழுந்த வீட்டில்கூட இவர் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. யா அல்லா, மகள் சொன்னதுதான் சரி, எல்லாம் நல்லபடியாக ஆகிவிட்டது என்று நினைத்தேன்.

நடித்தவர்கள் எல்லாம் வேஷத்தோடு வாசல் கூடத்துக்கு வந்து பார்க்க வந்தவர்களோடு நின்றார்கள். அவளும் முக்காட்டோடு வந்து நின்றாள். இவர் அந்தப் பக்கம் திரும்பாமல், "மக்ரிப் தொழுகை போயிடும்" என்று சொல்லிவிட்டு வண்டி நிறுத்தின இடத்தைப் பார்த்து விறுவிறுவென்று நடந்தார். முட்டி வலிக்காரர் அந்த வேகத்தில் நடந்து நான் பார்த்ததே இல்லை. நான் மகளைப் பார்த்து, அழுதார் என்று கண்ணில் விரலை வைத்துக் காட்டினேன். அவள் நெஞ்சில் கை வைத்துச் சிரித்தாள்.

தேராவில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து சிக்னலில் வண்டி நின்றபோது இவர் திடீரென்று கேட்டார்: "அந்தப் புள்ள எதுக்குக் கதவைத் தட்டுது?"

"எந்தப் புள்ள?"

"நாடகத்துல. அது அவ வீடுதானே? சொந்த வீட்டுக் கதவை எவளாவது தட்டுவாளா? திறந்து உள்ள வந்து, சோறு இருக்கான்னு கேக்க வேண்டியதுதானே? தட்டிட்டு நின்னா அவ விருந்தாளி. அவளுக்குப் போய் எல்லாரும் அழுவுறானுவ."

தானும் அழுததை மறந்துவிட்டாரா என்று கேட்க வாயெடுத்தேன். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. இவர் நாடகத்தைப் பற்றிப் பேசவில்லை. ஃப்ரிட்ஜ் மேலே இருந்த சாவி என் கண்ணுக்கு முன்னால் வந்தது. எங்கள் ஊரில் மகளை யாரும் வீட்டுக்கு வா என்று கூப்பிடுவதில்லை. அவள் வீட்டுக்கே அவளை எப்படிக் கூப்பிடுவது? கூப்பிட்டால் அது அவள் வீடில்லை என்று ஆகிவிடும். கூப்பிடுவார் என்று அங்கே அவள் காத்துக்கொண்டிருக்கிறாள். கூப்பிடாமல் வருவாள் என்று இங்கே இவர் காத்துக்கொண்டிருக்கிறார். பாவிகள் இரண்டு பேரும் இதை என்னிடமாவது சொல்லியிருக்கலாம்.

மறுநாளே மெட்ரோ பிடித்தேன். ஃப்ரிட்ஜ் மேலே இருந்த சாவியை எடுத்துக்கொண்டுதான் போனேன். இவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். மகள் கையில் சாவியை வைத்து மூடினேன்.

"வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிஞ்சு வா. பெல் அடிக்காத. தட்டாத. திற, செருப்பைக் கழட்டு, நேரா அடுப்படிக்கு வந்து சட்டியத் திறந்து பாரு. ஸ்கூல் விட்டு வர்ற மாதிரி வா."

"வாப்பா வரச் சொன்னாரா?"

"சொல்லமாட்டாரு. அது உன் வீடு."

"உம்மா, இத்தனை நாள் கழிச்சுத் திடுதிப்புன்னு எப்படி உள்ள வர்றது? அவருக்கு மரியாதை இல்லாத மாதிரி இருக்காதா?"

"இருக்காது. நான் சொல்றதக் கேளு."

"சரி" என்றாள். சாவியைப் பையில் போட்டுக்கொண்டாள். ஆனால் அந்தச் சரி எனக்குச் சரியாகப் படவில்லை. அடுத்த நிமிஷமே, "அந்த சீன்ல அழுதாருன்னு சொன்னீங்கல்ல? கதவைத் திறக்கிற சீன்லதானே?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்து நானும் மேற்கொண்டு பேசாமல் வந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை நெய்ச்சோறும் கறி ஆணமும் ஆக்கினேன். ஊருக்குக் கொண்டுபோக மடித்து வைத்திருந்த துணிகளுக்கு நடுவிலிருந்து சஹனை எடுத்துக் கழுவினேன். சஹன் என்பது எங்கள் பக்கத்தில் மூன்று பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுகிற பெரிய தட்டு. வேற்று ஆட்கள் வந்தால் மேசையில் தனித்தனித் தட்டு. எங்களுக்குள் என்றால் தரையில் விரிப்பு போட்டு சஹன். அவள் போனதிலிருந்து அதை எடுக்கவில்லை, இரண்டு பேருக்கு அது பெரிது. விரிப்பைப் போட்டு நடுவில் சஹனை வைத்தேன். ஜும்ஆ தொழுதுவிட்டு வந்தவர் அதைப் பார்த்தார். உள்ளே போய்த் தொழுகைக்குப் போட்டிருந்த நல்ல சட்டையைக் கழற்றிவிட்டு, சாயம் போன கைலியும் பனியனுமாக வந்து, கதவுக்கு நேராகச் சோபாவில் உட்கார்ந்துகொண்டார். எனக்கு உள்ளுக்குள் துள்ளியது. சட்டை இல்லாமல் உட்கார்ந்திருக்கிறார் என்றால் வேறென்ன அர்த்தம்?

கதவுக்கு வெளியே செருப்புச் சத்தம் கேட்டது. நின்றது. சாவிக்கொத்து குலுங்கியதுகூடக் கேட்டது. இவர் ஃபோனைப் பார்க்கிற மாதிரி குனிந்துகொண்டார்.

பெல் அடித்தது.

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் அசையவில்லை. திற, திற என்று நான் மனசுக்குள் கத்தினேன். பெல் மறுபடியும் அடித்தது. இவர் எழுந்தார். நான் கதவுப் பக்கம் போக, "இரு" என்றார். உள்ளே போனார். வெளியே வரும்போது சட்டை போட்டிருந்தார். கழுத்துப் பொத்தான்வரை போட்டிருந்தார்.

தானே போய்க் கதவைத் திறந்தார்.

அவள் நின்றாள். ஒரு கையில் துணியால் மூடின தட்டு, அதே கையின் விரலில் சாவி. வாப்பாவே வந்து திறந்ததும் அவள் கண் நிறைந்துவிட்டது. ஸலாம் சொல்லி அவர் கையைப் பிடித்து முத்தமிட்டாள். இவர் பதில் ஸலாம் சொல்லி, ஒதுங்கி வழிவிட்டு, சோபாவைக் காட்டினார். பிறகு என்னைப் பார்த்து, "மேசையில எடுத்து வை" என்றார்.

நான் தரையிலிருந்து சஹனை எடுத்தேன், விரிப்பைச் சுருட்டினேன். அவள் அதைக் கவனிக்கவே இல்லை. "நானே செஞ்சேன் வாப்பா, நாடகத்துல வந்த ரொட்டி" என்று துணியை விலக்கிப் பின்னல் ரொட்டியைக் காட்டிக்கொண்டிருந்தாள். ஒரு பக்கம் கொஞ்சம் கருகியிருந்தது. இவர் ஒரு துண்டு பிய்த்துச் சாப்பிட்டு, நன்றாக இருப்பதாகச் சொன்னார். மேசையில் தனித்தனித் தட்டில் சாப்பிட்டோம். அவள் தட்டில் இவரே கறியை அள்ளி வைத்தார். வேலை எப்படிப் போகிறது, வீட்டில் எல்லாரும் சுகமா, வழியில் டிராஃபிக் இருந்ததா என்று கேட்டார். கேள்வி ஒவ்வொன்றுக்கும் அவள் பூரித்துப்போய்ப் பதில் சொன்னாள். சாப்பிட்டு முடிந்ததும் இவர் அடுப்படிக்கு வந்து, பெட்டிக்குள் பொதிந்து வைத்திருந்த தங்க விளிம்பு கிளாஸ்களைத் தேடி எடுத்தார். "அவளுக்கு எதுக்குங்க அது?" என்றேன். காதில் விழாத மாதிரி தட்டில் வைத்து, சாயா ஊற்றி, தானே கொண்டுபோய் அவள் முன்னால் நீட்டினார். அவள் எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்கிற நேரத்தில் கிளம்பினாள். என் கையில் சாவியைக் கொடுத்து, "இது இனி வேணாம் உம்மா. வாப்பாவே திறந்தாரு, பார்த்தீங்கல்ல?" என்று காதோடு சொல்லிவிட்டு என்னைக் கட்டிக்கொண்டாள். இவர் செருப்பைப் போட்டுக்கொண்டு அவளோடு வெளியே போனார். நான் வாசல் நிலையில் நின்றேன். லிஃப்ட் பொத்தானை இவரே அமுக்கினார். லிஃப்ட் வந்தது, அவள் ஏறினாள், கை காட்டினாள். கதவு மூடும்வரை இவர் நெஞ்சில் கை வைத்து நின்றார்.

திரும்பி வந்து சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டார். சோபாவில் உட்கார்ந்து ரொம்ப நேரம் கதவையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பெல் அடிச்சுட்டாளே" என்றார்.

என் ஃபோனில் மெசேஜ் வந்தது. மெட்ரோவில் உட்கார்ந்து அனுப்பியிருந்தாள். ‘நாடகத்துல வர்ற மாதிரியே இருந்துச்சு உம்மா. வாப்பா எனக்காக லிஃப்ட் வரைக்கும் வந்தாரு!’

ஆமாம்மா, வந்தாரு என்று எழுதி அனுப்பினேன். பிறகு அடுப்படிக்குப் போய், சோறு படாத சஹனைத் துடைத்து, ஊருக்குப் போகிற பெட்டியில் எல்லாத் துணிக்கும் அடியில் வைத்தேன்.